மீளியமா, வாபஸா? நகைச்சுவை அறிபுனையில் இல்லாத பொருளுக்குப் பெயர் வைக்கும் வழிகள்

கதைக்குள் ஒரு புதுப் பொருள் வந்ததும் அதன் பின்னால் ஒரு ‘-இயம்’ ஒட்டி வேலையை முடித்துவிடுவது அறிபுனை (அறிவியல் புனைகதை) எழுதுகிறவர்களின் வழக்கம். சீரியஸான கதையில் அது தப்பித்துக்கொள்ளும். நகைச்சுவையில் அந்தப் பெயர் யார் வாயில் வருகிறது, எத்தனை தடவை வருகிறது, எந்த உருபு ஏற்று வருகிறது என்பதெல்லாம் சிரிப்பைக் கூட்டவோ கெடுக்கவோ செய்யும். அதனால் பெயர் வைக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

ஒப்பிட வசதியாக ஒரே பொருளை எல்லா வழிகளிலும் ஓட்டிப் பார்க்கலாம். பிசுபிசுப்பான திரவம், லேசான ஊதா நிறம். எதன் மேல் ஒரு சொட்டு பட்டாலும் அது பத்து நிமிடத்துக்கு முன்னால் எங்கே இருந்ததோ அங்கேயே போய் உட்கார்ந்துகொள்ளும். சாவி மேல் பட்டால் சாவி பழைய பாக்கெட்டுக்குள் போகும். மேடையில் பேசிக்கொண்டிருக்கும் அமைச்சர் மேல் பட்டால் அமைச்சர் கழிப்பறைக்குப் போவார். இதற்கு என்ன பெயர்?

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். அந்தப் பொருள் கதையில் ஐந்தாறு தடவைக்கு மேல் வருமானால், பாத்திரங்கள் வாய்க்கு வந்தபடி கூப்பிடும் பெயர்தான் கதையைச் சுமக்கும். மற்ற பெயர்கள் எல்லாம் அதற்கு எதிரே நின்று முறைப்பதற்காக வேண்டும். ஒரே ஒரு தடவை தலைகாட்டும் பொருளுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும்.

-இயமும் அதன் உறவினர்களும்

-இயத்தின் பெரிய சௌகரியம் இலக்கணம். மீள் + இயம் = மீளியம். மீளியத்தை, மீளியத்தால், மீளியத்தில், மீளியமும் என்று மகர ஈற்றுப் பெயர்கள் போகும் பழகிய பாதையிலேயே போகும். சோடியம், கால்சியம், யுரேனியம் வரிசையில் இதுவும் ஒன்று என்று வாசகர் கண் உடனே ஏற்றுக்கொள்ளும்.

ஆனால் தமிழில் இந்த வால் தனிமங்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. பெண்ணியம், மார்க்சியம், பெரியாரியம், இருத்தலியம் என்று கொள்கைகளும் இதே வாலோடுதான் திரிகின்றன. ‘சோம்பலியம்’ என்று ஓர் உலோகத்துக்குப் பெயர் வைத்தால் பாதிப் பேர் அதை ஒரு தத்துவ இயக்கம் என்றே நினைப்பார்கள். ‘அவர் சோம்பலியத்தில் ஊறியவர்’ என்ற வரியில் அவர் தொட்டிக்குள் விழுந்தாரா, கட்சியில் சேர்ந்தாரா என்று சொல்ல வழியில்லை. இந்தக் குழப்பமே கதைக்கு வேண்டும் என்றால் நல்லது, தாராளமாக வைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் முதல் தடவை வரும்போதே ஓர் அளவையோ பாத்திரத்தையோ முன்னால் போட வேண்டும்: ‘முந்நூறு கிராம் சோம்பலியம்’, ‘ஒரு டப்பா சோம்பலியம்’. யாரும் கொள்கையைக் கிராமில் நிறுப்பதில்லை.

அடுத்த சிக்கல், வால் தரும் வாக்குறுதி. -இயம் என்றால் உலோகம் என்று வேதியியல் தெரிந்தவர் காதுக்குப் படும். 113-ஆவது, 115-ஆவது தனிமங்களுக்கு 2016-இல் பெயர் முடிவானபோது நிகோனியம், மாஸ்கோவியம் என்று -இயத்தில் முடித்தார்கள். அதே ஆண்டில் 117-க்கு டென்னசின், 118-க்கு ஓகனெசான். குளோரின், புரோமின் குடும்பத்துக்கு -இன், நியான், ஆர்கான் குடும்பத்துக்கு -ஆன் என்று வரிசைப்படி வால் மாறுகிறது. மருந்துகளிலும் இப்படித்தான். பெயரைக் கேட்டதும் மருந்து எந்த வகை என்று தெரியும்படி உலகச் சுகாதார நிறுவனம் பொதுப்பெயர்களுக்குத் தண்டுச்சொற்கள் வைத்திருக்கிறது. -ஓலால் என்றால் இதயத் துடிப்பைத் தணிக்கும் வகை, -வாஸ்டாடின் என்றால் கொழுப்பைக் குறைக்கும் வகை, -சிலின் என்றால் பெனிசிலின் கூட்டம், -விர் என்றால் வைரஸுக்கு எதிரான மருந்து. கோபத்தைத் தணிக்கும் ஒரு கற்பனை மாத்திரைக்குச் ‘சினோலால்’ என்று பெயர் வைத்தால், தினமும் அட்டெனோலால் விழுங்குகிறவர் விளக்கமில்லாமலே சிரிப்பார். ‘சினியம்’ என்று வைத்தால் சிரிக்கமாட்டார்.

நம் ஊதாத் திரவத்துக்கு மீளியம் சரியில்லை என்பது இங்கே தெரிகிறது. அது திரவம். பாதரசம் போன்ற திரவ உலோகம் என்று அடம்பிடிக்கலாம். அதை விளக்க ஒரு பத்தி செலவாகும். ‘மீளால்’ என்றால் சாராய வகை வேதிப்பொருளின் வாடை வரும்.

தவறான வாலை வேண்டுமென்றே வைப்பதும் ஒரு வழி. நிஜத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. 1868-இல் சூரிய ஒளியின் நிறமாலையில் புதிய கோடு தெரிந்தபோது, அது உலோகமாக இருக்கும் என்று எண்ணி ஹீலியம் என்று பெயர் வைத்தார்கள். 1895-இல் பூமியிலேயே கிடைத்தது, பார்த்தால் வாயு. மற்ற மந்த வாயுக்களெல்லாம் -ஆனில் முடிய, இது மட்டும் இன்றுவரை உலோக வேஷத்தில் நிற்கிறது. ஆக்சிஜனும் இப்படித்தான். எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறது என்று நம்பி ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்ற பொருளில் லவாய்சியர் வைத்த பெயர் அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. தன் திரவத்துக்கு உலோகப் பெயர் வைத்துவிட்டு, திருத்தச் சொன்னால் ஹீலியத்தைக் காட்டிச் சண்டை போடும் பேராசிரியர் ஒருவரை இந்த உண்மைகளே உருவாக்கிக் கொடுத்துவிடும்.

வேதியியல் தற்காலிகப் பெயர்கள் தமிழ் எழுத்தாளருக்குக் கிடைத்த இனாம். கண்டுபிடிக்கப்படாத தனிமத்துக்கு அதன் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் ஓர் அசையாக்கிப் பெயர் வைப்பது சர்வதேச விதி. 1-க்கு ‘உன்’, 9-க்கு ‘என்’, 0-க்கு ‘நில்’. 2004-இல் ராண்ட்ஜெனியம் என்ற பெயர் வரும்வரை 111-ஆவது தனிமம் உன்-உன்-உன்-இயம். இதுவரை யாரும் உருவாக்காத 119-ஆவது தனிமம் உன்-உன்-என்-இயம். இந்த விதியைத் தமிழில் வாசித்தாலே சொத்துத் தகராறு வந்துவிடுகிறது. எழுத்தாளர் எதையும் புனைய வேண்டியதில்லை. 191 என்று எண் கொடுத்தால் போதும்: உன்-என்-உன்-இயம். பாகப் பிரிவினை தொடங்கிவிடும்.

நீளமான முறைப்பெயருக்கு இன்னொரு சக்தியும் உண்டு. பொருள் தெரியாதவரைப் பயமுறுத்தும். 1997-இல் அமெரிக்காவின் ஐடஹோவில் ஒரு பள்ளி மாணவர் ‘டைஹைட்ரஜன் மோனாக்சைடு’ என்ற பொருளின் ஆபத்துகளைப் பட்டியலிட்டு, தடை செய்யலாமா என்று 50 பேரிடம் கேட்டார். 43 பேர் தடை செய்யச் சொன்னார்கள். அது தண்ணீர். பட்டியலில் ஒரு பொய்கூட இல்லை. கதையில் அரசு, நீதிமன்றம், தொலைக்காட்சி விவாதம் வருமானால் இந்த வகைப் பெயர் ஒன்று கையிருப்பில் வேண்டும். ஆனால் முழு நீளத்தில் மூன்று தடவைக்கு மேல் வரக்கூடாது: முதல் தடவை முழுதாக, இரண்டாவது தடவை யாராவது பாதியில் வெட்ட, மூன்றாவது தடவை சற்றும் எதிர்பாராத ஆள் தடங்கலில்லாமல் கடகடவென்று சொல்ல. நான்காவது தடவை வாசகர் கண் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடும்.

தனித்தமிழ்க் கூட்டுச்சொல்

பின்போக்கி. மீள்நீர். முன்னிடச்சாறு. இவற்றின் பலம், கேட்டதும் பொருள் விளங்குவது. பலவீனமும் அதுவே. சொல்லிலேயே பொருளின் குணம் முழுதும் வந்துவிட்டால், அந்தக் குணம் காட்சியில் வெளிப்படும்போது வாசகருக்கு ஆச்சரியம் மிச்சமிருக்காது. ஊதாத் திரவம் ‘பின்போக்கி’ என்று முதல் பக்கத்தில் அறிமுகமானால், அமைச்சர் மேடையிலிருந்து மறையும் இடத்தில் சிரிப்பு பாதியாகும்.

விகுதிகள் இங்கேயும் வம்பு செய்யும். -இ விகுதி வினையூக்கி, கிருமிநாசினி, வலிநிவாரணி போன்ற பொருள்களுக்கும் வரும். குளிரூட்டி, மின்விசிறி, ஒலிபெருக்கி போன்ற கருவிகளுக்கும் வரும். பின்போக்கி என்றதும் பலர் மனத்தில் ஒரு நெம்புகோல்தான் தோன்றும். -அகம் இன்னும் மோசம். ஹைட்ரஜனுக்கு நீரகம் என்ற பெயர் உண்டு என்றாலும் நூலகம், மருந்தகம், உணவகம் என்று பழகிய காதுக்கு ‘சிரிப்பகம்’ கட்டடமாகவே படும். வாயுப் பொருளுக்கு -வளி, -வாயு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. வாயு என்றால் வயிற்று உபாதை தானாகவே கூட வரும். அந்தச் சிரிப்பு வேண்டும் என்றால் வாயு, வேண்டாமென்றால் வளி. ‘ஞானவாயு’வும் ‘ஞானவளி’யும் ஒரே பொருளைக் குறித்தாலும் இரண்டு வேறு கதைகளுக்கு உரியவை.

கிரந்த எழுத்து ஒன்றுகூட இல்லாத பெயர் பாடநூல் தொனியைக் கொண்டுவரும். அறிவிப்புப் பலகை, சுற்றறிக்கை, கலைச்சொல் குழு ஆகியவற்றைக் கிண்டல் செய்யும் இடங்களில் இது பொன். ஆய்வகச் சுவரில் ‘பின்போக்கியைக் கையாளும் பணியாளர்கள் தத்தம் பத்து நிமிட முந்தைய இருப்பிடத்தைப் பதிவேட்டில் குறித்தல் வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பெயர் தன் வேலையைச் செய்கிறது. அதே பெயரைப் பணியாளர் பேச்சில் வைத்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

சிரிப்பை ஓர் அடுக்கு கீழே புதைக்கும் உத்தி இந்த வகையில்தான் நன்றாக வரும். ஆர்கான் என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் சோம்பேறி என்று பொருள். எதனோடும் வினைபுரியாத வாயுவுக்கு 1894-இல் கண்டுபிடித்தவர்கள் வைத்த பெயர் அது. கிரேக்கம் தெரியாதவருக்குக் கம்பீரமான பெயர்; தெரிந்தவருக்கு நமுட்டுச் சிரிப்பு. தமிழில் இதைச் செய்ய, பேச்சில் புழங்கும் சொல்லை விட்டுவிட்டுப் பழஞ்சொல்லை எடுக்க வேண்டும். சோம்பலுக்கு ‘மடி’ என்று பெயர். திருக்குறளின் 61-ஆவது அதிகாரம் மடியின்மை. ‘மடிமம்’ என்று ஒரு தனிமம் வந்தால் சோம்பலியத்தைவிட நூறு பக்கம் கூடுதலாகத் தாங்கும். மடி என்பதற்கு வேறு பொருள்களும் இருப்பதால், தாயின் மடியில் கண்டெடுத்தார்களா என்று ஒரு பாத்திரம் கேட்க வாய்ப்பும் கிடைக்கிறது.

செந்தூரமும் சூரணமும்

சித்த மருத்துவச் சொற்கள் தமிழ் நகைச்சுவை அறிபுனைக்கு மட்டுமே கிடைக்கும் சுரங்கம். பலர் இதை மேலோட்டமாகத் தோண்டி, எதற்கும் ‘லேகியம்’ என்று போட்டு வீணாக்குகிறார்கள். மரபில் அகமருந்து 32 வகை, புறமருந்து 32 வகை. ஒவ்வொன்றுக்கும் தோற்றம், செய்முறை, ஆயுள் என்று தனிக் கணக்கு உண்டு. சூரணம் இடித்துச் சலித்த பொடி. செந்தூரம் புடமிட்டுச் சிவந்தது. பஸ்பம் சுட்டு நீற்றிய பொடி. லேகியம் பாகில் கிண்டிய இளக்கம். தைலம் எண்ணெய். ஊதாத் திரவத்துக்கு ‘மீள்செந்தூரம்’ என்று பெயர் வைத்தால், விஷயம் தெரிந்த வாசகர் கதையை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்த்துச் சிரிப்பார். ‘மீள்தைலம்’ சரி.

ஆயுள் கணக்கு இன்னும் சுவையானது. சூரணம் 3 மாதம், செந்தூரம் 75 ஆண்டு, பஸ்பம் 100 ஆண்டு, சுண்ணம் 500 ஆண்டு என்று மரபு சொல்கிறது. காலத்தோடு விளையாடும் பொருளுக்கு இதைவிட நல்ல துணைச் செய்தி கிடைக்காது. 500 ஆண்டு கழித்துக் காலாவதியாகப் போகும் சுண்ணத்தின் கடைசி நாளன்று கதை நடக்கலாம்.

மூலப்பொருள் பெயர்களில் பல ஏற்கெனவே சிலேடைதான். மெர்குரிக் குளோரைடு என்ற கடும் நஞ்சுக்கு வீரம் என்று பெயர். ‘சில கிராம் வீரம் போதும், ஆளை முடித்துவிடும்’ என்பது வேதியியல்படி அசல் உண்மை. இரும்பு சல்பேட்டுக்கு அன்னபேதி, காப்பர் சல்பேட்டுக்குத் துருசு, போராக்ஸுக்கு வெங்காரம். ஒரே பொருளுக்குப் பல மறைபெயர் வைக்கும் பரிபாஷை மரபும் இருக்கிறது. ஒரே பொருளை ஆறு பெயரில் வாங்கி ஆறு குப்பிகளில் அடுக்கி, ஆறையும் ஒன்றாகக் கலந்து புதிதாக ஏதோ நடக்கும் என்று காத்திருக்கும் பாத்திரம் இந்த மரபுக்குள்ளிருந்தே வரும்.

எங்கே தவறும்? விண்கலம், செயற்கை நுண்ணறிவு, அணு உலை நிறைந்த கதையில் இந்தப் பெயர் ஒரே ஒரு முறை வந்தால் நல்ல அதிர்ச்சி. பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதே பாணியில் பெயர் வைத்தால் கதை வேறு வகையாக மாறிவிடும். மந்திரவாதி கதையாக வாசிக்கத் தொடங்குவார்கள். இன்னொன்று, சிரிப்பு பெயர் வைத்த பாத்திரத்தின் அலட்டல் மேல் விழ வேண்டும். மருத்துவ மரபின் மேல் விழுந்தால் அது மலிவான நக்கல்.

ஆள் பெயர், ஊர் பெயர், கடைப் பெயர்

ஆள் பெயரோடு -இயம், -ஐட் ஒட்டுவது எளிது, சீக்கிரம் சலிக்கும். இதில் பெயரைவிடப் பெயர் வைத்த கதைதான் காசு பெறும். சுவீடனின் இட்டர்பி என்ற ஒரே கிராமத்தின் பெயரைப் பிய்த்து இட்ரியம், இட்டர்பியம், டெர்பியம், எர்பியம் என்று நான்கு தனிமங்களுக்கு வைத்துவிட்டார்கள். 1875-இல் லெகோக் த புவாபோத்ரான் காலியம் என்று பெயர் வைத்தார். பிரான்சின் லத்தீன் பெயரான காலியாவிலிருந்து எடுத்ததாகச் சொன்னார். ஆனால் ‘லெ கோக்’ என்றால் பிரெஞ்சில் சேவல், லத்தீனில் சேவல் ‘காலுஸ்’. தன் பெயரையே நைசாக நுழைத்துவிட்டார் என்று பேச்சு கிளம்பி அவர் மறுக்க வேண்டியதாயிற்று. புதிய கனிமத்துக்குக் கண்டுபிடித்தவரே தன் பெயரை வைக்கக்கூடாது என்பது கனிமவியலில் வழக்கம். ஆகவே இரண்டு ஆய்வாளர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒருவர் பெயரை மற்றவர் கனிமத்துக்கு வைப்பது தர்க்கப்படி சரியான நகைச்சுவை.

வணிகப் பெயருக்கு ஒரே நிபந்தனை, கதையில் ஒரு கம்பெனி இருக்க வேண்டும். பெயர் தரும் வாக்குறுதிக்கும் பொருள் செய்யும் வேலைக்கும் இடையே எவ்வளவு தூரமோ அவ்வளவு சிரிப்பு. ஹெராயின் என்பது 1898-இல் பேயர் நிறுவனம் இருமல் மருந்துக்கு வைத்த வணிகப் பெயர், வீரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. (வீரம் இங்கேயும் நஞ்சாகத்தான் முடிந்திருக்கிறது.) ஊதாத் திரவத்தை விற்கும் கம்பெனி ‘ரிட்டர்னால் பிளஸ்’ என்று பெயர் வைக்கும். ‘பிளஸ்’ வந்துவிட்டால் வெறும் ரிட்டர்னால் என்ன ஆனது என்ற கேள்வி எழும். அதற்கு ஒரு விபத்து பதிலாகக் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் எண்ணோ ‘அல்ட்ரா’வோ போடுவதற்கு முன் இப்படி ஒரு பதில் தயாராக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் ஒலி.

வாய்க்கு வந்த பெயர்

கோபால்ட், நிக்கல் இரண்டும் சுரங்கத் தொழிலாளரின் வசவிலிருந்து வந்தவை. செம்போ வெள்ளியோ கிடைக்கும் என்று தோண்டினால் இரண்டும் வராத தாது; குட்டிச்சாத்தான் வேலை என்று திட்டினார்கள். கோபால்டில் இருப்பது ஜெர்மானியக் குட்டிச்சாத்தானின் பெயர். நிக்கலும் அப்படி ஒரு பூதத்தின் செல்லப் பெயர்தான். எரிச்சலில் பிறந்த பெயர்கள் என்பதால்தான் அவற்றில் மனிதர் குரல் கேட்கிறது.

ஊதாத் திரவத்தோடு தினமும் மல்லுக்கட்டும் ஆய்வக உதவியாளர் அதை என்னவென்று கூப்பிடுவார்? மீளியம் என்று சொல்லமாட்டார். ‘வாபஸ்’ என்பார்.

“அண்ணே, மூடியைத் திறக்காதீங்க. போன வாரம் இப்படித்தான் அரை சொட்டு வாபஸ் கையில பட்டு நான் பஸ்ஸுல போய் நின்னேன்.”

“பஸ் எங்கடா இருந்துச்சு?”

“பஸ் போயிருச்சுண்ணே. பஸ் நின்ன இடத்துல போய் நின்னேன். நடுரோடு.”

இந்தச் சொல் ஏன் வேலை செய்கிறது? எல்லோருக்கும் தெரிந்த சொல், மூன்று எழுத்து, அலுவலக வாடை. வேட்புமனு வாபஸ், வழக்கு வாபஸ் என்று கேட்டுக் கேட்டுப் பழகியது. திரும்பப் போவது என்ற குறிப்பு இருக்கிறது. பத்து நிமிடம், பழைய இடம் என்ற விவரம் இல்லை. அதனால் காட்சிக்கு ஆச்சரியம் மிஞ்சுகிறது. வாபஸை, வாபஸால், வாபஸுக்கு என்று உருபும் தடங்கலில்லாமல் ஏறும். வினையாகவும் மாறும்: ‘அமைச்சர் வாபஸாயிட்டாரு’. கற்பனைப் பொருளின் பெயர் பண்ணு, ஆகு, அடி, போடு ஆகியவற்றில் ஒன்றோடாவது சேரும் என்றால் அது கதைக்குள் குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் ஒரு சலுகை: பொருள் திடமா, திரவமா, வாயுவா என்பதைப் பக்கத்தில் நிற்கும் வினையே சொல்லிவிடும். தூவினான் என்றால் பொடி, தடவினான் என்றால் பசை, சொட்டு விட்டான் என்றால் திரவம். எனவே பெயருக்குள் ‘திரவம்’, ‘பொடி’ என்று திணிக்கத் தேவையில்லை.

ஆபத்து என்னவென்றால், தமிழ் எழுத்தில் பெரிய எழுத்து கிடையாது. புதிய சிறப்புப்பெயர் என்று கண்ணுக்குக் காட்ட வழியில்லை. ‘வேட்பாளர் கடைசி நேரத்தில் வாபஸ் வாங்கினார்’ என்றால் மனுவைத் திரும்பப் பெற்றாரா, குப்பியை விலை கொடுத்து வாங்கினாரா? ஒரு தடவை இதை வைத்து விளையாடலாம். மற்ற இடங்களில் ‘ஒரு குப்பி வாபஸ்’, ‘ரெண்டு சொட்டு வாபஸ்’ என்று அளவையைச் சேர்த்தே எழுத வேண்டும். மேற்கோள்குறி முதல் வருகைக்கு மட்டும். ஒவ்வொரு தடவையும் போட்டால் எழுத்தாளர் விலாவில் இடித்துக்கொண்டே இருப்பதாக இருக்கும்.

வேற்றுக்கிரகத்தார் வைத்த பெயர்

இதற்கு எக்ஸ், இசட் ஒலிகளைக் குவிப்பதைவிட நல்ல வழி நன்னூலிலேயே இருக்கிறது. மெய்களில் க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங ஆகிய பத்தும்தான் சொல்லுக்கு முதலில் வரும் என்கிறது அது. மிச்சம் எட்டில் ட, ர, ல மூன்றும் பிறமொழிச் சொற்களால் பழகிவிட்டன. ண, ழ, ள, ற, ன ஐந்தும் இன்னும் அந்நியம். ழூம்பு, ளவி, றொக்கு, னிழல் என்று தொடங்கினால் தமிழ் எழுத்திலேயே வேற்றுக்கிரகம் வந்துவிடும். சொல்லின் கடைசியில் க், ட், ப் போன்ற வல்லின மெய்யை வைத்தால் அந்நியத்தன்மை இன்னும் ஏறும். ஆனால் ‘ழூப்’ உருபு ஏற்கும்போது ‘ழூப்பை’யா, ‘ழூபை’யா என்று நீங்களே தடுமாறுவீர்கள். முதல் வாக்கியத்திலேயே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு அசைக்கு மேல் போனால் வாசகர் உச்சரிப்பதை நிறுத்திவிட்டு, சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்துத் தாண்டுவார்.

வெளிநாட்டுத் தோரணையில் புனையும் பெயர்களுக்கு இன்னொரு தொல்லை. ‘கபோடின்’ என்று எழுதினால் க, ப, ட மூன்றுக்கும் இரண்டிரண்டு ஒலி. எட்டு விதமாக வாசிக்கலாம். சிலேடை அந்த ஒலியில்தான் இருக்கிறது என்றால் எட்டில் ஏழு வாசகரிடம் அது செத்துவிடும். மூன்று பேரிடம் தாளைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். மூவரும் ஒரே மாதிரி சொல்லாத பெயரைக் கைவிடலாம். ஆங்கிலச் சிலேடைகளுக்கும் இதே கதி. மொரோனிக் அமிலம் என்று நிஜமாகவே ஒன்று இருக்கிறது. மடையன் என்ற பொருள் வருவதால் ஆங்கிலத்தில் அது வேதியியலாளர்களின் பழைய ஜோக். தமிழ் எழுத்தில் அது வெறும் அமிலம்.

எதை எப்போது

ஒரு பக்கக் கதை, பொருள் ஒரே தடவை வருகிறது என்றால் முறைப்பெயரோ உன்-உன்-என்-இயம் வகையோ போதும். சிரிப்பு பெயரிலேயே வெடித்து அடங்கலாம். சிறுகதை என்றால் இரண்டு பெயர்: சுற்றறிக்கைக்குப் பின்போக்கி, வாய்க்கு வாபஸ். அதிகாரி பின்போக்கி என்று சொல்லும்போதெல்லாம் உதவியாளர் ‘எது சார்?’ என்று கேட்டு, ‘ஓ, வாபஸா’ என்று மொழிபெயர்ப்பதே ஒரு சரடாக ஓடும். நாவல் என்றால் மூன்றாவதாக ஒரு வணிகப் பெயரைச் சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் யாருக்கும் நினைவிருக்காது. ஒரே கதையில் இரண்டு பொருள்கள் இருந்தால் முதல் எழுத்து வெவ்வேறாக இருக்க வேண்டும். மீளியமும் மீள்மமும் பத்தாம் பக்கத்தில் ஒன்றாகிவிடும்.

பெயரை உறுதி செய்யுமுன் இணையத்தில் ஒரு தேடல் அவசியம். நிஜ மருந்தோ பூச்சிக்கொல்லியோ அதே பெயரில் இருந்தால் விட்டுவிட வேண்டும். வட்டார வழக்குகளில் அந்த ஒலி கெட்ட வார்த்தையாகிறதா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் முதல் வரைவுக்குள் முடித்துவிடுவது உத்தமம். பாதியில் பெயரை மாற்றினால் கணினியின் ‘தேடி மாற்று’ வசதி தமிழில் காலை வாரும். ‘மீளியம்’ என்று தேடினால் மீளியத்தை, மீளியத்தில் எதுவும் அகப்படாது. ‘மீளிய’ என்று தேட வேண்டும். அப்படித் தேடி ‘வாபஸ்’ என்று மொத்தமாக மாற்றினால் ‘வாபஸ்த்தை’, ‘வாபஸ்ம்’ என்று குப்பை கிடைக்கும். ஒவ்வொரு உருபையும் தனியாக மாற்றுவதே வழி: முதலில் மீளியத்தை, பிறகு மீளியத்தால், மீளியத்துக்கு, மீளியத்தின், மீளியமும், எல்லாம் முடிந்த பின் வெறும் மீளியம். ‘மீளியக் குப்பி’ போன்ற கூட்டுச்சொற்களை ஒற்றோடு சேர்த்துத் தனியே தேடி, ‘வாபஸ் குப்பி’ என்று ஒற்றில்லாமல் மாற்ற வேண்டும். கடைசியாக ஒரு தடவை ‘மீளி’ என்று மட்டும் தேடினால் தப்பிப் பிழைத்தவை கிடைக்கும்.